பழவேற்காட்டுக் கடற்புற்கள்

சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. அங்கு மீனவர் வலையில் இறாலோடு சிக்கிவரும் பசுந்தழைகளைப் பாசியென உதறிவிடுவது எளிது. பாசிக்கு வேரில்லை; கடற்புல்லுக்கோ வேரும் மட்டத்தண்டும் பூவும் உண்டு. பெயரில் புல்லெனினும் அது நெல்லுக்கும் நாணலுக்கும் நெருங்கிய உறவன்று. அவற்றுள் ஹாலோபிலா, குளத்து ஹைட்ரில்லாவின் குடும்பத்தைச் சார்ந்தது.

இவற்றுள் ஹாலோபிலா ஓவாலிஸ், ஹாலோபிலா பெக்காரி என்னும் இரண்டும் சேறு படிந்த நிலையில் கண்ணை ஏமாற்றுபவை. இலையை நீரில் அலசி ஒளிக்கெதிரே பிடித்தல் வேண்டும். ஓவாலிஸின் முட்டைவடிவ இலைகள் கணுவுக்கு இரண்டாக நீண்ட காம்புடன் எழும். நடுநரம்பிலிருந்து குறுக்கு நரம்புகள் பிரியும். பெக்காரியின் இலை மிகச் சிறியது, ஈட்டிவடிவினது. குறுக்கு நரம்பே இராது. சிறு தண்டின் நுனியில் நான்கு முதல் பத்து இலைகள் கொத்தாய் நிற்கும். ஐயம் தீர்க்க இக்கொத்து ஒன்றே போதும்.

இறால் குஞ்சுகள் ஒதுங்கும் இப்படுகைகளுள், அழிவாய்ப்புள்ள இனமெனச் செம்பட்டியலில் இடம்பெற்றது பெக்காரி. இரண்டையும் ஒன்றாய் எண்ணினால் அதன் மறைவு கணக்கில் வாராது. முகத்துவாரம் மணலால் தூரும்போது ஏரியின் உப்பளவு மாறுகிறது. அதன்பின் எவ்வினம் குறைந்ததென அறிய, முன்பே இனம்பிரித்து எழுதிய குறிப்பு வேண்டும்.