கடலடிச் சேற்றில் ஒரு தெர்மாமீட்டர்

நம்ம சிப்காட்டில் இரும்பு உருக்கும் உலைக்குள் எத்தனை டிகிரி என்று பார்க்கக் கருவி இருக்கிறது. 20,000 வருஷத்துக்கு முன்னால் வங்காள விரிகுடா எத்தனை டிகிரி இருந்தது என்று யார் அளந்து வைத்தார்கள்? ஒரு பூச்சி! பூச்சி என்று எழுதினால் உயிரியல் சார் கோபித்துக்கொள்வார். அது ஒருசெல் உயிரி, பெயர் ஃபோராமினிஃபெரா.

ரவையைவிடச் சின்னது. இதில் சில வகைகள் கடலின் மேல்தண்ணீரில் மிதந்து வாழும். பழவேற்காட்டுக் கிளிஞ்சல் மாதிரியே இதற்கும் கால்சியம் கார்பனேட் ஓடு. செத்ததும் ஓடு அடியில் போய்ப் படியும். அதன்மேல் சேறு, மறுபடி ஓடு, மறுபடி சேறு. ஆழத்தில் இருப்பது பழசு.

ஓட்டில் உள்ள ஆக்சிஜனில் 16 என்ற லேசான வகையும் 18 என்ற கனமான வகையும் உண்டு. தண்ணீர் குளிர்ந்தால் ஓட்டில் 18 கூடும். இதை வைத்து வெப்பத்தைக் கணக்கிடலாம் என்று 1947-ல் ஹெரால்டு யூரே சொன்னார். 1955-ல் சிசாரே எமிலியானி கடலடிச் சேற்று ஓடுகளில் அதைச் செய்து காட்டினார்.

இங்கேதான் சிக்கல். பனியுகத்தில் லேசான ஆக்சிஜன் பனிப்பாறைகளில் மாட்டிக்கொள்ளும். மிச்சக் கடல்நீர் கனமாகிவிடும். நம்ம விரிகுடாவில் இன்னொரு கலப்படம் வேறு: கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி கொண்டுவந்து கொட்டும் மழைத்தண்ணீர் லேசானது. வெப்பமா, பனியா, மழையா என்று ஆக்சிஜனை மட்டும் கேட்டால் உளறும்.

அதனால் அதே ஓட்டில் மெக்னீசியத்தையும் அளக்கிறார்கள். கடல் ஒரு டிகிரி சூடானால் அது சுமார் 9 சதவீதம் கூடும். அதிலிருந்து வெப்பம் கிடைத்துவிடும். அந்தப் பங்கையும் பனியின் பங்கையும் ஆக்சிஜனில் கழித்தால் மிச்சம் மழை! கழித்தல் கணக்கு எதுக்கு என்று கேட்பவர்கள் கவனிக்கவும்.

கடைசிப் பனியுகத்தில் அந்தமான் கடல் இன்றைவிடச் சுமார் 3 டிகிரி குளிர்ச்சி என்று 2007-ல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. 3 டிகிரிதானே என்று நினைக்காதீர்கள். அப்போது கடல்மட்டமே சுமார் 120 மீட்டர் கீழே. பழவேற்காட்டில் நின்று பார்த்தால் கடல் தெரிந்திருக்காது!

2014-ல் ஜாய்டிஸ் ரெசலூஷன் என்ற துளையிடும் கப்பல் சிங்கப்பூரிலிருந்து நம்ம விரிகுடாவுக்கு வந்தது. மகாநதி கலக்கும் இடத்துக்கு அப்பால் அது எடுத்த சேற்றிலிருந்து 9 லட்சம் வருஷ மழைக் கணக்கு 2021-ல் வெளியானது. காற்றில் கார்பன் டை ஆக்சைடு கூடிய காலங்களில் தென்மேற்குப் பருவமழையும் கூடியிருக்கிறது.

ஐப்பசி, கார்த்திகையில் நமக்குப் பெய்கிற வடகிழக்குப் பருவமழை வேற. இந்த முடிவை அதற்கு அப்படியே போட்டுப் பார்க்கக் கூடாது. ஆனால் கண்டலேறிலிருந்து கால்வாய் வழியாக நம்ம மாவட்டத்துப் பூண்டி ஏரிக்கு வருகிறதே கிருஷ்ணா தண்ணீர், அது தென்மேற்குப் பருவமழை கொடுப்பது.