சலமாங்காவுக்குப் புறப்படும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

உனக்கு விசா வந்துவிட்டதாகச் சித்தி போனில் சொன்னார். மனம் நிறைந்துவிட்டது. ஸ்பானியம் படிக்க ஸ்பெயினின் சலமாங்காவைத் தேர்ந்தெடுத்தாயே, அது நல்ல முடிவு. அங்குள்ள பல்கலைக்கழகம் 1218-இல் தொடங்கியது. 1492-இல் ஸ்பானிய மொழிக்கு இலக்கணம் எழுதி வெளியிட்ட நெப்ரிஹா பாடம் நடத்திய இடம் அது. வெளிநாட்டவருக்கான மொழி வகுப்புகள் அங்கே 1929 முதல் நடக்கின்றன. ஆனால் உலகமே படிக்க வரும் ஊர் என்பதில் ஓர் ஆபத்தும் உண்டு. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

உன் வகுப்பில் ஜெர்மானியர், ஜப்பானியர், கொரியர் என்று பலரும் இருப்பார்கள். எல்லோருக்கும் பொதுவாக வாயில் வருவது ஆங்கிலம்தான். இடைவேளையில் ஆங்கிலம், சமையலறையில் ஆங்கிலம், மிச்ச நேரம் ஊருக்கு வீடியோ காலில் தமிழ். ஸ்பானியம் வகுப்பறையோடு நின்றுவிடும். ஓராண்டு அங்கே இருந்துவிட்டு, கடையில் பால் வாங்கும் அளவு பேச்சோடு திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். படித்த பிள்ளைகள்தான், பாவம்.

ஆகவே அறை பிடிக்கும்போதே கவனமாக இரு. 'பீஸோ கொம்பார்த்தீதோ' என்கிற பகிர்வு வீடுகள் நிறையக் கிடைக்கும். உடன் இருப்பவர்கள் ஸ்பானிய மாணவர்களா என்று கேட்டுக்கொள். வாடகை கொஞ்சம் கூடினாலும் அந்த வீட்டையே எடு. இன்னொன்றையும் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே கேள்: அந்த முகவரியில் 'எம்பத்ரொனாமியென்தோ' செய்ய வீட்டுக்காரர் சம்மதிப்பாரா? நகராட்சியில் குடியிருப்பைப் பதிவு செய்வதுதான் அது. ஆறு மாதத்துக்கு மேல் தங்குபவர்கள், நாட்டுக்குள் வந்த ஒரு மாதத்துக்குள் வெளிநாட்டவர் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அப்போது இந்தப் பதிவுச் சான்றைக் கேட்பார்கள். கைரேகை கொடுக்கப் போலீஸ் அலுவலகம் போக முன்பதிவு வேண்டும். அதற்குப் பெயர் 'சீத்தா பிரேவியா'. இடம் எளிதில் கிடைக்காது. இறங்கியதுமே தேடத் தொடங்கிவிடு.

இனி மொழி. நம் பிள்ளைகள் ஸ்பானியத்தை ஆங்கிலத்தின் வழியாகப் படிக்கிறார்கள். அதுதான் சுற்றுவழி. உன் தமிழையே கையில் எடுத்துக்கொள். 'தாப்பாஸ்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளேன். ஆங்கிலப் பழக்கத்தில் 'டாபாஸ்' என்போம். ஸ்பானியர்கள் நம் 'த'வைப் போல நாக்கைப் பல்லில் வைத்தே சொல்கிறார்கள். 'அது' என்னும்போது நடுவிலுள்ள 'து' மெலிகிறது அல்லவா? 'நாதா' என்பதில் அவர்களுடைய 'தா'வும் அப்படியே மெலியும். இலக்கணத்திலும் இப்படித்தான். 'பேசுகிறேன்' என்றால் பேசுவது யார் என்று விகுதியே காட்டிவிடுகிறது. 'ஆப்லோ' என்பதிலும் கடைசி 'ஓ' அந்த வேலையைச் செய்கிறது. ஆங்கிலம் பழகியவர்கள் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் 'நான்' என்பதற்கான 'யோ'வைப் போடுவார்கள். நீ போடாதே. 'மே குஸ்தா எல் கஃபே' என்ற வாக்கியம் மற்ற நாட்டுப் பிள்ளைகளைப் பல வாரம் படுத்தும். உனக்கு ஒரு நிமிடம் போதும்: எனக்குக் காபி பிடிக்கும். அமைப்பு அதேதான்.

தமிழ் கைகொடுக்காத இடங்களும் உண்டு. மேசைக்கும் நாற்காலிக்கும்கூட ஆண்பால், பெண்பால். பெயர்ச்சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்யாமல் 'லா மேசா' என்று 'லா'வோடு சேர்த்தே படி. 'இரு' என்று பொருள்படும் 'செர்', 'எஸ்தார்' என்ற இரண்டு வினைச்சொற்களுக்குள் உள்ள வேறுபாடு மெல்ல மெல்லத்தான் பிடிபடும். விதியைத் துரத்தாமல், அவர்கள் சொல்லும் வாக்கியங்களை நோட்டில் எழுதி வா.

சாப்பாட்டு நேரம் உன்னை முதலில் திணறடிக்கும். மதியச் சாப்பாடு இரண்டு, இரண்டரைக்கு. இரவுச் சாப்பாடு ஒன்பதுக்குக் குறையாது. சிறிய கடைகள் பல, இரண்டிலிருந்து ஐந்து வரை மூடியிருக்கும். எட்டு மணிக்குச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு அறைக்குள் போய்விடாதே. உன்னுடன் இருப்பவர்கள் ஒன்பதரைக்குச் சமையலறையில் கூடி ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிப் பேசுவார்கள். பாதி புரியாவிட்டாலும் அங்கேயே உட்கார். எந்த ஆசிரியரும் அவ்வளவு வேகத்தில் உன்னிடம் பேசப்போவதில்லை. நீ சைவம் என்பதால் ஒரு எச்சரிக்கை: 'இறைச்சி வேண்டாம்' என்றால் போதாது. பன்றித் தொடையில் செய்யும் ஹமோனையும் சூரை மீனையும் சிலர் இறைச்சிக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. பருப்பில்கூடச் சொரீஸோ என்கிற பன்றித் தொத்திறைச்சி கிடக்கும். 'நி ஹமோன், நி அத்தூன், நி சொரீஸோ' என்று பெயர் சொல்லிக் கேள். உருளைக்கிழங்கு போட்ட முட்டைத் தோர்த்தியா எல்லா இடத்திலும் கிடைக்கும். முட்டை சாப்பிடுவாய் என்பதால் பிழைத்துக்கொள்வாய்.

'இந்தர்காம்பியோ'வுக்கு ஓர் ஆள் தேடிக்கொள். அரை மணி நேரம் நீ ஸ்பானியம் பேச, அடுத்த அரை மணி அவர் ஆங்கிலம் பேசுவார். கைக்கடிகாரத்தைப் பார்த்து மாறுங்கள், இல்லாவிட்டால் முழு நேரமும் ஆங்கிலத்திலேயே போய்விடும். சந்திக்கும் இடம் கேட்டால் பிளாஸா மயோர் கடிகாரத்தடி என்று சொல். ஊரார் எல்லோரும் அங்கேதான் காத்திருப்பார்கள்.

ஊர் எண்ணூறு மீட்டர் உயரத்தில் இருக்கிறது, குளிர்காலக் கோட்டை அங்கேயே வாங்கு. சித்திக்கு மதியச் சாப்பாட்டுக்கு முன்பே போன் செய். குளிர்காலத்தில் நாங்கள் நாலரை மணி நேரம் முன்னால் இருப்போம், உன் இரவுச் சாப்பாடு முடியும்போது இங்கே நடுநிசி தாண்டியிருக்கும்.

முதல் நாள் தேர்வு வைத்து வகுப்பில் சேர்ப்பார்கள். எந்த நிலையில் போட்டார்கள் என்று எழுது. முடிந்தால் ஸ்பானியத்திலேயே எழுது, திருத்தி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அண்ணன்