ட்ரையர் கீச்சிட்டால் எண்ணெய்ப் புட்டியை எடுக்காதே

பெங்களூர் தொம்மலூரில் ஜூன் பிறந்துவிட்டால் துணி காயவைப்பது பெரும்பாடு. கட்டடங்கள் நெருக்கியடித்து நிற்கும் தெருக்களில் யுடிலிட்டி பக்கம் வெயில் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. செப்டம்பர், அக்டோபரில் மழை இன்னும் வலுக்கும். அந்த நேரம் பார்த்து ட்ரையர் கீச்சென்று கத்த ஆரம்பித்தால், தங்கச்சி, கை தானாக எண்ணெய்ப் புட்டிக்குத்தான் போகும். வேண்டாம்மா. கத்துவது பெரும்பாலும் தேய்ந்த பாகம், இல்லையென்றால் அடைந்துபோன பஞ்சு. எண்ணெய் அதைக் கொஞ்ச நாள் மறைக்கும், அவ்வளவுதான்.

முதலில் காதைத் தீட்டிக்கொள். விடாமல் கீச்சிட்டால் பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் சின்னப் புல்லியைச் சந்தேகப்படு. அடித்தொண்டையில் உறுமினால் டிரம்மின் பின்பக்க பேரிங். முன்பக்கம் உரசுகிற சத்தம் வந்தால் டிரம் விளிம்பில் ஒட்டியிருக்கும் ஃபெல்ட் பட்டை தேய்ந்திருக்கும். ரொம்ப நாள் ஓடாமல் கிடந்த ட்ரையர் முதல் சில நிமிஷம் 'தட் தட்' என்று அடித்துவிட்டு அடங்கினால் பயப்படாதே. ஒரே இடத்தில் மடங்கிக் கிடந்த பெல்ட் நிமிர்கிறது. மோட்டார் முனகியும் டிரம் சுற்றவில்லையா? கையால் சுற்றிப் பார். தடையே இல்லாமல் சுழன்றால் பெல்ட் அறுந்திருக்கிறது.

வாரன்டி இருந்தால் நீ திறக்காதே, கம்பெனி ஆளைக் கூப்பிடு. இல்லையென்றால் 16 ஆம்பியர் பிளக்கைச் சுவரிலிருந்தே உருவிவிட்டு, சூடு ஆறியபின் தொடு. சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. மோட்டார் பக்கத்திலிருக்கும் கெபாசிட்டரில் கை வைக்காதே, பிளக் எடுத்த பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கலாம். தகட்டின் ஓரம் கத்திபோல் வெட்டும், கையுறை போட்டுக்கொள். பெல்ட்டைக் கழற்றுமுன் அது போகும் வழியை போனில் படம் எடுத்துவிடு. இதைச் செய்யாதவர்கள்தான் பாதி வேலையில் நிறுத்திவிட்டு ஆளைத் தேடுகிறார்கள்.

பழைய பெல்ட்டின் முதுகில் எண் இருக்கும். 1975 H7 என்றால் 1975 மில்லிமீட்டர் நீளம், 7 வரி. 'இதுவும் அதே மாதிரிதான்' என்று கடைக்காரர் எதைக் கொடுத்தாலும் வாங்காதே, எண் பொருந்த வேண்டும். பக்கத்தில் கிடைக்கவில்லையென்றால் இந்திராநகரில் மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் பச்சைத் தடத்துக்கு மாறி, கே.ஆர். மார்க்கெட்டில் இறங்கி எஸ்.பி. ரோட்டு உதிரிபாகக் கடைகளுக்குப் போ. பழைய பாகத்தைக் கையோடு எடுத்துப் போனால் வேலை சுலபம்.

இப்போது கிரீஸ். அது போக வேண்டியது பொதுவாக இரண்டே இடம்: புல்லி சுற்றும் அச்சு, டிரம்மின் பின்பக்கத் தண்டும் புஷ்ஷும். அங்கே பஞ்சும் பழைய கிரீஸும் சேர்ந்து கறுப்புக் களியாக அப்பியிருக்கும். அதைத் துணியால் வழித்துச் சுத்தமாகத் துடைத்தபின், சூடு தாங்கும் 'ஹை டெம்பரேச்சர்' கிரீஸை மிளகளவு வை. அதிகம் வைத்தால் அது பஞ்சைத்தான் பிடிக்கும். பேரிங் மேல் 2RS அல்லது ZZ என்று இருந்தால் மூடிய பேரிங். கிரீஸ் உள்ளே போகாது, மாற்றத்தான் வேண்டும். புல்லியின் துளை நீள்வட்டமாகிவிட்டாலும் அப்படித்தான். ஃபெல்ட் பட்டைக்கும் பெல்ட்டுக்கும் ஒரு சொட்டுகூடக் காட்டாதே; துணியில் கறை ஏறும், பெல்ட் வழுக்கும். தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், பெங்களூர் டிசம்பருக்கு அது ஆகவே ஆகாது. மற்ற சமையல் எண்ணெய்கள் சூட்டில் பிசினாகும். டபிள்யூடி-40 துருவை இளக்க நல்லது, ட்ரையர் சூட்டில் நிற்காது.

செமி ஆட்டோமேட்டிக் மெஷினின் ஸ்பின் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மூடியைத் திறந்ததும் தொட்டியை நிறுத்தும் பிரேக் ஷூவில் கிரீஸ் படவே கூடாது.

எல்லாம் மாட்டியதும் சூடில்லாமல் பத்து நிமிஷம் வெறுமனே ஓட்டு. அடுத்து ஒரு பழைய துணியைப் போட்டுக் கறை படிகிறதா என்று பார்த்துக்கொள்.

பஞ்சு விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பாகத்தான் சொல்வேன். அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரை எடுத்த கணக்கில், வீடுகளில் ஆண்டுக்குச் சுமார் 2,900 ட்ரையர் தீ விபத்துகள். அதில் முதல் காரணம், 34 சதவீதம், சுத்தம் செய்யாததுதான். ஃபில்டரை ஒவ்வொரு தடவையும் தட்டு. அதில் தண்ணீர் ஊற்றிப் பார். வடியாமல் நின்றால் கம்ஃபர்ட் மாதிரித் துணி மென்மையாக்கும் திரவங்களின் படலம் அடைத்திருக்கிறது, சோப்பும் பழைய டூத்பிரஷ்ஷும் போட்டுத் தேய். பின்பக்கக் குழாய் சுவரோடு நசுங்கியிருக்கிறதா, வெளிவாயில் புறா கூடு கட்டியிருக்கிறதா என்று மழைக்கு முன்னால் பார்த்துவிடு. அங்கே மெல்லிய வலை அடிக்காதே, அதிலேயே பஞ்சு அடையும். காற்றுக்குத் தானே திறக்கும் மூடி போடு. 2,000 வாட் ட்ரையர் முழுச்சூட்டில் ஒரு மணி நேரம் ஓடினால் 2 யூனிட். காற்றுவழி அடைத்த ட்ரையரில் அதே துணியை இரண்டு தரம் ஓட்ட வேண்டிவரும். இலவச மின்சாரம் தரும் கிருக ஜோதித் திட்டத்தின் 200 யூனிட்டுக்குள் நிற்கப் பார்க்கும் வீட்டுக்கு இது சின்ன விஷயமில்லை.

எண்ணெய்க் குளியல் துண்டை ட்ரையரில் போடவே போடாதே. துவைத்தாலும் நல்லெண்ணெய் இழையில் தங்கும். சூடான துண்டைச் சுருட்டி வைத்தால் உள்ளுக்குள்ளேயே சூடேறித் தீப்பிடிக்கலாம். அதைக் கொடியில்தான் உலர்த்த வேண்டும்.

கடைசியாக ஒன்று. சூடே வராமல் ஆளைக் கூப்பிட்டால், தெர்மல் ஃபியூஸ் போயிருக்கிறது, 'டைரக்ட் பண்ணிடறேன் மேடம்' என்று ஃபியூஸ் இல்லாமலே இணைக்கப் பார்ப்பார் சிலர். சம்மதிக்காதே. காற்றுவழி அடைத்துச் சூடு ஏறியதால்தான் பெரும்பாலும் அந்த ஃபியூஸ் போகிறது. அடைப்பை எடுக்கச் சொல், அதே அளவு ஃபியூஸ் போடச் சொல். அது கிடைக்கும் வரை ட்ரையர் ஓடாமலே இருக்கட்டும்.