இரு சில்லு உழவு இயந்திரத்துக்கு ஏற்ற இம்பக்ற் சொக்கற்றுகளைச் சிறு செலவில் தெரிவு செய்தல்

கண்டி மாநகரைச் சூழ்ந்துள்ள குண்டசாலை, தெல்தெனிய, கட்டுகஸ்தோட்டை, கம்பளை ஆகிய இடங்களிற் பல வயல்கள் மலைச்சரிவிற் படிபடியாக அமைந்தவை. நான்கு சில்லு உழவு இயந்திரம் திரும்புவதற்கு அவற்றில் இடம் போதாது. ஆதலின் நெற்செய்கைக்கும் மரக்கறிச் செய்கைக்கும் இரு சில்லு உழவு இயந்திரமே இங்கு பெரிதும் பயன்படுகின்றது. முன்னாளில் இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு சிறு இயந்திரத்தின் பெயர் லாண்ட்மாஸ்டர் என்பது. அப்பெயரே இன்று யப்பானிலும் சீனாவிலும் செய்யப்பட்டவற்றுக்கும் பல ஊர்களில் வழங்கி வருகின்றது.

இவ்வியந்திரத்தின் பெரிய பழுதுகளுக்குக் கராச்சை நாட வேண்டியதே. ஆயினும் சுழல் கலப்பையின் கத்திகளை மாற்றுதல், இறப்பர்ச் சில்லைக் கழற்றி இரும்புச் சில்லைப் பூட்டுதல், நீர்ப்பம்பியின் அடித்தளத்தை இறுக்குதல் முதலிய வேலைகளைக் கமக்காரர் தம் வீட்டிலேயே செய்து கொள்ளலாம். இவற்றில் இடர்ப்பாடு தருவது வேலையன்று, கழற மறுக்கும் நட்டேயாகும். சேற்றிலும் நீரிலும் ஒரு போகம் முழுவதும் உழன்ற நட்டு, போல்ட்டின் புரியோடு துருவேறிப் பிடித்துக் கொள்கின்றது. பொருந்தாத ஸ்பனரை மாட்டிப் பலங்கொண்டு இழுத்தால் நட்டின் ஆறு மூலைகளும் மழுங்கிவிடும். பின்னர் அதனை வெட்டியோ, சூடேற்றியோ எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. பெரும்போக உழவுக்கு வாய்க்கால் நீர் வந்துள்ள வேளையில் இவ்வாறு நேர்ந்தால், ஒரு நட்டின் பொருட்டு நீர் முறை கழிந்து போகும். நாற்றும் முதிர்ந்து போகும்.

அண்மைக் காலத்தில் மின்கலத்தால் இயங்கும் தட்டித் திருகும் பொறிகள் கிராமங்களிலும் பரவி வருகின்றன. கடைக்காரர் இவற்றை இம்பக்ற் என்பர். இப்பொறி தொடர்ந்து முறுக்குவதில்லை. அதனுள்ளே சுழலும் சம்மட்டியொன்று நிமிடத்துக்குப் பெரும்பாலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை அச்சைப் பக்கவாட்டில் அடிக்கின்றது. அவ்வடியின் அதிர்ச்சியே துருவின் பிடியைத் தளர்த்துகின்றது. பொறியை வாங்கியவர் பலர், முன்பே பெட்டியில் இருந்த பளபளப்பான சாதாரண சொக்கற்றை அதில் மாட்டிவிடுகின்றனர். இது பெரும் பிழையாகும்.

பளபளப்பான கைச் சொக்கற் பெரும்பாலும் குரோம் வனேடியம் உருக்கினால் ஆனது. மெல்லிய சுவரோடு வலிமையும் வேண்டுமென்பதற்காக அது மிகக் கடினமாகப் பதப்படுத்தப்படுகின்றது. கடினம் மிகுந்த உருக்கு அடிக்கு நெகிழ்ந்து கொடாது. இடைவிடாத தட்டலில் நுண்ணிய வெடிப்புத் தோன்றி, ஒரு நாள் எவ்வித அறிகுறியுமின்றிப் பிளந்து சிதறும். மேலே பூசிய குரோமமும் கூரிய செதிலாகத் தெறிக்கும். கத்தி மாற்றுபவர் முகத்தைத் தாழ்த்திக் கலப்பையின் அருகே குனிந்திருப்பதால், தெறிக்கும் துண்டு கண்ணையே நாடும். இம்பக்ற் சொக்கற் பெரும்பாலும் குரோம் மொலிப்டினம் உருக்கினாற் செய்யப்பட்டுக் கருநிற மேற்பூச்சுடன் இருக்கும். அதன் சுவர் தடித்தது. கடினம் சற்றுக் குறைந்தது. அளவுமீறிய அடியில் அது சிதறுவதற்கு முன் பெரும்பாலும் நெளியும், அல்லது வாய் விரியும். எனினும், எச் சொக்கற்றைக் கொண்டு வேலை செய்தாலும் கண்ணாடி அணிதல் வேண்டும்.

இம்பக்ற் சொக்கற்றைக் கைப்பிடியிலும் மாட்டித் தாராளமாகப் பயன்படுத்தலாம். கைச் சொக்கற்றைப் பொறியில் மாட்டலாகாது. எனவே ஆண்டிற் சில முறை மட்டும் வேலை செய்யும் வீட்டுப் பட்டறைக்கு இரண்டு வகையும் வேண்டியதில்லை. புதிதாக வாங்குபவர் கரு நிறச் சொக்கற்றையே வாங்கினால், இன்று நீண்ட கைப்பிடியோடும் நாளை பொறி வாங்கினால் அதனோடும் அது பயன்படும். சொல்லப்போனால், பொறியே பலருக்குத் தேவையில்லை. 60 சதம மீற்றர் நீளமான உறுதியான கைப்பிடியின் நுனியில் 20 கிலோ கிராம் எடைக்குச் சமமான விசையைக் கொடுத்தால் ஏறத்தாழ 118 நியூற்றன் மீற்றர் முறுக்கு விசை கிடைக்கும். முதல் நாள் மாலை புரியில் ஊடுருவும் எண்ணெய் விட்டு, மறுநாட் காலை இவ்வாறு இழுத்தால், கத்தி நட்டுகளிற் பெரும்பாலானவை கழன்றுவிடும். பற்சில்லுள்ள கைப்பிடியைத் தொடக்கத்திலே பயன்படுத்தி இழுத்தல் நன்றன்று. உள்ளிருக்கும் சிறு பற்கள் முறிந்துவிடும். அது தளர்ந்த நட்டை விரைவாகச் சுழற்றுவதற்கே உரியது.

நாற்பது, ஐம்பது துண்டுகள் அடங்கிய பெட்டி கண்ணைக் கவரும். அதிலுள்ளவற்றிற் பெரும்பகுதி ஒரு நாளும் வெளியே எடுக்கப்படாமற் கிடக்கும் என்பதை வாங்குபவர் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கடைக்குச் செல்லுமுன் தம் இயந்திரத்தைக் கழுவி, அடிக்கடி கழற்றும் நட்டுகளை மட்டும் அளத்தல் நன்று. அளவுகோல் சரியாக எட்டாத இடத்தில், வாய் திருத்தும் ஸ்பனரை நட்டின் இரு தட்டைப் பக்கங்களுக்கும் இறுகப் பொருத்தி, அசைக்காமல் எடுத்து அதன் வாயை அளக்கலாம். யப்பானிய வழக்கில் 8 மில்லி மீற்றர் போல்ட்டுக்கு 12, 10க்கு 14, 12க்கு 17 எனத் தலையளவு அமைவது பெரும்பான்மை. பிற நாட்டு வழக்கில் 8க்கு 13, 10க்கு 16 அல்லது 17, 12க்கு 18 அல்லது 19 என வரும். ஆகவே போல்ட்டின் தடிப்பைக் கொண்டு சொக்கற்றை ஊகித்தல் ஆகாது. அரை அங்குலச் சதுரத் துளையுள்ள நான்கைந்து சொக்கற்றுகளும் ஒரு நீண்ட கைப்பிடியும் பெரும்பாலான வீடுகளுக்குப் போதுமானவை.

பழைய இங்கிலாந்து இயந்திரம் வைத்திருப்பவர்க்கு மட்டும் ஓர் எச்சரிக்கை வேண்டும். ஜோசப் விற்வேர்த் என்பார் 1841இல் முன்வைத்த புரி முறையில், ஸ்பனரிற் பொறிக்கப்பட்ட எண் போல்ட்டின் விட்டத்தைக் குறிக்குமேயன்றி நட்டின் அகலத்தைக் குறிக்காது. பின்னர் வந்த அங்குல முறையில் எண் நட்டின் அகலத்தையே குறிக்கும். பழைய இரும்புக்கடைகளில் இவ்விருவகையும் மில்லி மீற்றர் வகையும் ஒரே குவியலிற் கலந்து கிடக்கும். முக்கால் அங்குல அகலமுள்ள நட்டு 19.05 மில்லி மீற்றராதலின் 19 அளவுச் சொக்கற் அதில் ஏறக்கூடும். அரை அங்குல நட்டு 12.7 மில்லி மீற்றர். இலேசாகப் பிடித்த நட்டாயின் 13 ஒருவாறு உதவும். ஆனால் 9/16 அங்குலம் 14.29 மில்லி மீற்றர். 14 ஏறாது, 15 மாட்டினால் மூலை போய்விடும். இத்தகைய இடத்தில் உரிய அளவை வாங்குவதே சிக்கனம்.

இனி, கடையிற் பார்க்க வேண்டியவை. முதலாவதாக வாயினுள் ஆறு மூலையா, பன்னிரண்டு மூலையா எனக் காணல் வேண்டும். துருப்பிடித்த நட்டுக்கு ஆறு மூலையே உரியது. பன்னிரண்டு மூலையுள்ளது நட்டின் முனையருகே பற்றுவதால் விரைவில் வழுக்கும். நல்ல சொக்கற்றில் உள்மூலைகள் சற்றே குடையப்பட்டிருக்கும். அதனால் அழுத்தம் நட்டின் மூலையில் விழாமல் தட்டைப் பக்கத்தில் விழுகின்றது. மேலைத்தேயப் பெரும் பெயர்களை நாட வேண்டியதில்லை, இந்த ஒரு குணம் மலிவான சொக்கற்றுகளிலும் இப்போது உண்டு. வாயை வெளிச்சத்திற் பிடித்துச் சுவரின் தடிப்பு எல்லாப் பக்கமும் ஒத்திருக்கின்றதா என நோக்குக. ஒரு பக்கம் மெலிந்திருப்பின் அதுவே முதலில் வெடிக்கும் இடமாகும். அளவு உருக்கிலே ஆழப் பொறிக்கப்பட்டிருத்தல் நன்று. மையினால் அச்சிட்டது ஒரு போகத்தில் அழிந்துவிடும். கரு நிறம் ஒன்றையே சான்றாகக் கொள்ளலாகாது. சாதாரண உருக்குக்கும் கரு நிறம் ஊட்டலாம். பக்கவாட்டில் ஊசி செருகும் துளையும் அதைச் சுற்றி வளையத்துக்கான பள்ளமும் இருத்தல் பொறிக்கென அமைத்ததன் அடையாளம்.

வீட்டிலிருந்து புதிய போல்ட்டு ஒன்றைக் கையோடு கொண்டு சென்று வாயிற் பொருத்திப் பார்ப்பதே சிறந்த சோதனை. இடையூறின்றி ஏறி, இப்பக்கமும் அப்பக்கமும் திருப்பும்போது மிகச் சிறிதே அசைதல் வேண்டும். தளர்வாக ஆடினால் விலை எவ்வளவு குறைந்ததாயினும் விட்டுவிடுக. கத்திகளின் பிடிகள் நெருக்கமாக உள்ள கலப்பையில் தடித்த சுவர் இடையே நுழையாமற் போவதும் உண்டு. ஆகையால் வாங்குமுன் அவ்விடைவெளியையும் அளந்து வைத்தல் வேண்டும். போல்ட்டின் முனை நட்டுக்கு வெளியே நீண்டிருக்கும் இடத்துக்கு ஆழமான சொக்கற் தேவைப்படும். அதனை அந்த ஓர் அளவில் மட்டும் வாங்கினாற் போதும்.

வேலை தொடங்குமுன் இயந்திரத்தை நிறுத்தி, சரிவில் உருளாதவாறு சில்லுக்குக் கல் வைத்தல் வேண்டும். கழற்றுவதற்குப் பொறியைப் பயன்படுத்துவோர் பூட்டும்போது அதன்மேல் ஆசை வையாதிருத்தல் நன்று. நட்டைக் கையாலே புரியில் ஏற்றி, கைப்பிடியால் இறுக்குக. தலையில் 8.8 எனக் குறித்த 10 மில்லி மீற்றர் போல்ட்டுக்கு, 30 சதம மீற்றர் கைப்பிடியின் நுனியில் 16 கிலோ கிராம் எடைக்குச் சமமான விசை போதும். 12 மில்லி மீற்றர் போல்ட்டுக்கு ஏறத்தாழ 28. இயந்திரத்தோடு தந்த கைந்நூலில் வேறு அளவு கூறப்பட்டிருப்பின் அதனையே கைக்கொள்ளுதல் வேண்டும். இவ்வளவுக்கு மேல் பொறியால் தட்டினால் போல்ட்டு நீண்டு, உழவின் நடுவே அறுந்து கத்தியோடு சேற்றில் மறையும்.

கண்டிப் பகுதியின் ஈரக் காற்றில் கரு நிறச் சொக்கற் எளிதில் துருப்பிடிக்கும்; குரோமப் பூச்சின் காப்பு அதற்கில்லை. வேலை முடிந்தபின் சேற்றைக் கழுவி, உலர்த்தி, பழைய எஞ்சின் எண்ணெய் நனைத்த துணியாற் றுடைத்து, மூடிய தகரப் பெட்டியில் வைக்க. வாய் விரிந்ததையும் வெடிப்புக் கண்டதையும் பெட்டியில் திரும்ப வையாது அன்றே பழைய இரும்போடு சேர்த்துவிடல் வேண்டும். அவசரத்திற் கையை விடும்போது அதுவே முதலில் கைக்கு வரும்.