சவ்வு அறுவைக்கு முன்னும் பின்னும்: கண்ணை அளந்து வையுங்கள்

விழித்திரையின் மையமான மேக்குலாவின் மேல் பாலாடைபோல் மெல்லிய சவ்வு படர்ந்து சுருங்கினால், அடியிலுள்ள விழித்திரையும் சேர்ந்து மடிந்துவிடும். என் வலது கண்ணில் அதுதான் நடந்தது. கதவு நிலை நடுவில் வளைந்து தெரிந்தது. நாளிதழில் ஒரு வரி மேல்வரியோடு ஒட்டிக்கொண்டது. விட்ரெக்டமி (கண்ணுக்குள் நிறைந்திருக்கும் கூழ்மத்தை அகற்றும் அறுவை) செய்து சவ்வை உரித்தெடுத்தார்கள். இதே அறுவைக்குக் காத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது: முந்தைய நிலையைப் பதிவு செய்து வையுங்கள். அது இல்லாவிட்டால், பிறகு எவ்வளவு தேறியது என்று சொல்லவே முடியாது.

1. ஓசிடி ஸ்கேன் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். விழித்திரையின் குறுக்குவெட்டை அது காட்டும். மேக்குலாவின் நடுக்குழியில் விழித்திரையின் தடிமன் சாதாரணமாக 250 மைக்ரானை ஒட்டி இருக்கும்; சவ்வு இழுத்த கண்ணில் 400-ஐத் தாண்டுவதும் உண்டு. என் படத்தில் குழி இருக்கவேண்டிய இடத்தில் மேடுதான் இருந்தது. முடிந்தவரை ஒரே கருவியில் எடுங்கள். கருவிக்குக் கருவி அளவெல்லை மாறுவதால் எண்களை நேராக ஒப்பிட முடியாது.

2. வீட்டில் அம்ஸ்லர் கட்டம் பாருங்கள். 10 செ.மீ. சதுரத்துக்குள் 5 மி.மீ. கட்டங்கள். வாசிப்புக் கண்ணாடி போட்டு, ஒரு கண்ணை மூடி, சுமார் 30 செ.மீ. தள்ளிப் பிடித்து நடுப்புள்ளியையே பாருங்கள். கோடு நெளியும் இடத்தைப் பென்சிலால் வரைந்து தேதி போடுங்கள். எப்போதும் ஒரே இடம், ஒரே வெளிச்சம்.

3. ஒவ்வொரு கண்ணாலும் ஒரே எழுத்தைப் பாருங்கள். சவ்வுள்ள கண்ணில் அது பெரிதாகத் தெரியலாம். பார்வை அட்டையில் இது பிடிபடாது. நீங்கள்தான் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

4. எண்ணை மட்டும் பார்த்து மனம் தளராதீர்கள். அறுவைக்குப் பின் தடிமன் மாதக்கணக்கில் மெல்லத்தான் இறங்கும். குழி பழையபடி திரும்பாமலே பார்வை தெளிவதுண்டு. தடிமன் குறைந்தும் கொஞ்சம் நெளிவு மிஞ்சுவதுண்டு. ஒளியை உணரும் அடுக்கு சிதையாமல் இருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். பார்வை எவ்வளவு மீளும் என்பது பெரும்பாலும் அதைப் பொறுத்தது.

5. தெளிந்த பார்வை சில மாதங்களில் மங்கினால் கண்புரையையும் சோதிக்கச் சொல்லுங்கள். விட்ரெக்டமிக்குப் பின் புரை வேகமாக வளரும்.

கடுமையான வலி, திடீர் மங்கல், மின்னல் வெட்டு, ஓரத்தில் கருந்திரை: இவற்றில் எது வந்தாலும் அடுத்த பரிசோதனைத் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.