ஆன் பிராங்கின் மைப்பேனா

ஆன் பிராங்க் 1929-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள் ஜெர்மனி நாட்டின் பிராங்க்பர்ட் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தாள். 1933-இல் இட்லர் ஆட்சிக்கு வந்தபின் யூதர்கள் அந்நாட்டில் அச்சமின்றி வாழ இயலவில்லை. ஆனின் தந்தை ஓட்டோ பிராங்க் தம் மனைவி எடித்தையும், மார்கோட், ஆன் என்னும் இரு மகள்களையும் நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகருக்கு அழைத்துக்கொண்டார். அங்கு வந்து சேர்ந்தபோது ஆனுக்கு நான்கு வயது. பெற்றோரின் மொழி ஜெர்மன். பள்ளியிலும் தெருவிலும் அவள் கேட்டது டச்சு. சொந்த ஊரை விட்டு வேற்றூரில் வளரும் பிள்ளைகளுக்கு இத்தகைய இருமொழி வாழ்க்கை புதியதன்று. பிற்காலத்தில் அவள் தன் நாட்குறிப்பை எழுதியதும் பள்ளியில் பயின்ற டச்சு மொழியிலேயே.

ஆனின் தாய்வழிப் பாட்டி ஜெர்மனியின் ஆகன் நகரில் வாழ்ந்துவந்தார். ஆனுக்கு ஒன்பது வயதானபோது, காற்று ஓலமிட்டு வீசிய ஒரு பிப்ரவரி மாதத்தில், பாட்டியிடமிருந்து ஓர் அஞ்சல் பொதி வந்தது. விற்பனை மதிப்பு இல்லாத மாதிரிப் பொருள் என்னும் பெயரில் அது வந்து சேர்ந்தது. ஆனுக்கோ அது விலைமதிப்பற்ற பொருளாயிற்று! சிவப்புத் தோலுறை, அதனுள் தங்க முள் பொருத்திய ஒரு மைப்பேனா. காய்ச்சலில் படுத்திருந்த சிறுமி, எழுந்து நடமாடத் தொடங்கியதும் அதனைத் தோழியரிடம் காட்டிப் பெருமைகொண்டாள்.

அந்நாளில் பள்ளிகளில் மைக்கூட்டில் தோய்த்து எழுதும் பேனாக்களே பெரிதும் வழங்கின. இரண்டொரு சொல் எழுதுவதற்குள் முள் வறண்டுவிடும். மீண்டும் தோய்க்க வேண்டும். மைப்பேனா அவ்வாறன்று. அதன் உடலுக்குள்ளேயே மை இருக்கும். முள்ளின் நடுவிலுள்ள மெல்லிய பிளவின் வழியே அது சிறிது சிறிதாக இறங்கித் தாளில் படியும். அழுத்த வேண்டியதில்லை, கை ஓடும் வேகத்துக்கு மையும் ஓடும். முள்ளைத் தங்கத்தால் செய்வதற்கும் காரணம் உண்டு. மையில் உள்ள அமிலம் இரும்பை அரித்துவிடும், தங்கத்தை அரிக்காது.

பத்து வயதில் அப்பேனாவைப் பள்ளிக்குக் கொண்டுசெல்ல ஆனுக்கு இசைவு கிடைத்தது. பதினோராம் வயதில், பள்ளிப் பேனாவும் மைக்கூடும் தவிர வேறெதையும் வகுப்பாசிரியர் ஏற்கவில்லை. பேனா மீண்டும் உறைக்குள் சென்றது. இதற்கிடையில் 1940 மே மாதத்தில் ஜெர்மானியப் படை நெதர்லாந்தைக் கைப்பற்றியது. யூதக் குழந்தைகள் மற்றக் குழந்தைகளோடு படிப்பது தடைசெய்யப்பட்டது. பன்னிரண்டு வயதில் ஆன் யூதர்களுக்கென அமைந்த பள்ளியில் சேர்ந்தாள். அதனையும் ஒரு சிறப்பு நிகழ்ச்சியாகக் கருதிப் பேனாவுக்குப் புதிய உறை வாங்கித் தந்தனர். பென்சில் வைக்கவும் இடம் கொண்ட, ஜிப் வைத்த உறை அது.

1942 ஜூலை மாதத்தில் மார்கோட்டுக்கு உழைப்பு முகாமுக்கு வருமாறு ஆணை வந்தது. மறுநாளே, ஜூலை 6 அன்று, குடும்பம் வீட்டை விட்டு வெளியேறியது. பெட்டி தூக்கிச் சென்றால் ஐயம் எழும் என்பதால் ஆடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக உடுத்துக்கொண்டு சென்றனர். ஆன் தன் பூனையைக்கூட உடன் கொண்டுசெல்ல இயலவில்லை. தந்தையின் அலுவலகக் கட்டடத்தின் பின்பகுதியே அவர்களுடைய மறைவிடம். புத்தக அலமாரி ஒன்று அதன் வாயிலை மறைத்தது. வேறொரு குடும்பத்தினர் மூவரும் பல் மருத்துவர் ஒருவரும் பின்னர் வந்து சேர, எண்மர் அங்கே ஒடுங்கி வாழ்ந்தனர்.

பகற்பொழுதில் கீழே கிடங்குத் தொழிலாளர்கள் வேலை செய்தனர். மேலே ஆட்கள் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. ஆகவே பகலில் மெல்ல நடக்க வேண்டும். தாழ்ந்த குரலில் பேச வேண்டும். தண்ணீர்க் குழாயைத் திறக்கலாகாது. உண்பது, உறங்குவது, இருமுவது எதுவும் தம் விருப்பப்படி இல்லை. அந்த வீட்டில் ஒலி எழுப்பாமல் செய்யக்கூடிய வேலைகளுள் எழுதுவதும் ஒன்று. பதின்மூன்றாம் பிறந்தநாளில் கிடைத்த நாட்குறிப்பையும் பாட்டி தந்த பேனாவையும் ஆன் உடன் கொண்டுவந்திருந்தாள். எதுவும் தன் கையில் இல்லாத அந்நாட்களில், பேனா மட்டும் அவள் சொற்படி கேட்டது. நாட்குறிப்பு நிறைந்தபின், அலுவலகத்திலிருந்து நண்பர்கள் கொண்டுவந்து தந்த குறிப்பேடுகளில் தொடர்ந்து எழுதினாள்.

எழுதுவதற்கு ஒரு மேசை கிடைப்பதே அரிதாக இருந்தது. வாரத்தில் இரண்டு மாலைப்பொழுதுகள், நான்கு மணி முதல் ஐந்தரை மணி வரை, தனக்கு மேசை வேண்டும் என்று அறையைப் பகிர்ந்துகொண்ட பல் மருத்துவரிடம் ஆன் கேட்டாள். அவர் முதலில் மறுத்தார். தந்தை தலையிட்ட பின்னரே வழி பிறந்தது. ஒன்றரை மணி நேர மேசைக்கு இத்தனை வழக்கா என்று தோன்றலாம். எண்மர் அடைந்து கிடந்த இடத்தில் ஒரு மேசையின் மூலையும் ஒரு நாடு போன்றதே.

1943-இல் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, ஐந்து மணிக்குமேல், ஆன் எழுத அமர்ந்தாள். தந்தையும் மார்கோட்டும் இலத்தீன் படிப்பதற்காக மேசைக்கு வந்தனர். ஆன் பேனாவை மேசைமேல் விட்டுவிட்டு, ஒரு மூலையில் ஒதுங்கிப் பூஞ்சணம் பிடித்த அவரை விதைகளைத் தேய்த்துத் தூய்மை செய்தாள். பிறகு தரையைப் பெருக்கி, அழுகிய விதைகளையும் குப்பையையும் செய்தித்தாளில் சுருட்டிக் கணப்பு அடுப்பில் போட்டாள். அணையும் நிலையில் இருந்த அடுப்பு திடீரெனக் கொழுந்துவிட்டு எரிந்தது. அடுப்பு உயிர்பெற்றதே என்று அவள் மகிழ்ந்தாள். மீண்டும் எழுத வந்தபோது பேனா இல்லை. மார்கோட் தேடினாள், தாய் தேடினார், தந்தை தேடினார், மேசைக்காக வழக்காடிய பல் மருத்துவரும் தேடினார்.

அந்தப் பேனாவின் உடல் செல்லுலாய்டால் ஆனது. பஞ்சை நைட்ரிக் அமிலத்தில் பக்குவப்படுத்திக் கற்பூரம் கலந்து செய்யப்படும் பொருள் அது. பழைய திரைப்படச் சுருள்களும் அதனால் ஆனவையே. தீப்பட்டால் நொடியில் பற்றிக்கொள்ளும். மறுநாள் தந்தை அடுப்பைத் துப்புரவு செய்தபோது, சட்டைப்பையில் செருகுவதற்கான கவ்வி மட்டும் சாம்பலில் கிடைத்தது. தங்க முள் தென்படவில்லை. அது உருகிப்போயிருக்கும் என்றார் அவர்.

நவம்பர் 11-ஆம் நாளிட்ட குறிப்பில் ஆன் அப்பேனாவுக்கு ஓர் இரங்கலுரை எழுதினாள். தலைவன் இறந்தபோது அவனைச் சார்ந்து வாழ்ந்தோர் வருந்திப் பாடுவதைத் தமிழில் கையறுநிலை என்பர். இறந்தவனுடைய பிறப்பையும் புகழையும் கொடையையும் எண்ணிப் பார்ப்பது அதன் இயல்பு. ஆனும் தன் பேனாவின் வரலாற்றை, அது வந்த நாள் முதல் எரிந்த நாள் வரை, ஆண்டு ஆண்டாக வரைந்தாள். ஆயினும் அது அழுகையால் நிறைந்த உரை அன்று. தனக்கும் எரியூட்டலே விருப்பம். பேனாவுக்கு அது முன்னரே கிடைத்துவிட்டது என்னும் குறும்பு அதில் உண்டு. அத்தனை அச்சத்துக்கு நடுவிலும் பதினான்கு வயதுச் சிறுமிக்குச் சிரிக்கத் தெரிந்திருந்தது. இரங்கலுரையை எழுத அவளுக்கு வேறொரு பேனா வேண்டியிருந்தது, அதுவும் கிடைத்தது.

1944 ஆகஸ்ட் 4-ஆம் நாள் எண்மரும் பிடிபட்டனர். ஆன் 1945-இன் தொடக்கத்தில் பெர்கன்-பெல்சன் முகாமில் உயிரிழந்தாள். எண்மருள் உயிரோடு திரும்பியவர் ஓட்டோ பிராங்க் ஒருவரே. மறைவிடத் தரையில் சிதறிக் கிடந்த தாள்களை மீப் கீஸ் என்னும் அலுவலகப் பெண்மணி எடுத்து, படிக்காமலே காத்து வைத்திருந்தார். அவை 1947-இல் நூலாயின. 1942-இன் இறுதி முதல் 1943-இன் இறுதி வரை ஆன் எழுதிய மூலக் குறிப்பேடுகள் கிடைக்கவில்லை. அக்காலத்து நாட்குறிப்பு, 1944-இல் அவள் தனித்தாள்களில் திருத்தி எழுதிய படியாகவே நமக்குக் கிடைத்துள்ளது. பேனா எரிந்த நாளும் அந்தக் காலத்தைச் சேர்ந்ததே.

அருஞ்சொற்பொருள்

பொதி – கட்டு, பார்சல்
இசைவு – அனுமதி
ஐயம் – சந்தேகம்
பூஞ்சணம் – ஈரத்தால் படரும் பூஞ்சை
கணப்பு – குளிர்காயும் நெருப்பு

பயிற்சி

1. தோய்த்து எழுதும் பேனாவுக்கும் மைப்பேனாவுக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. மறைவிடத்தில் எழுதுவது ஆனுக்கு ஏன் ஆறுதலாக இருந்தது? இரண்டு காரணங்களைப் பாடத்திலிருந்து எடுத்துக் காட்டுக.
3. ‘விற்பனை மதிப்பு இல்லாத’, ‘விலைமதிப்பற்ற’ – இவ்விரு தொடர்களையும் பொருள் வேறுபாடு தோன்றத் தனித்தனி வாக்கியங்களில் அமைத்து எழுதுக.
4. உங்கள் குடும்பம் ஊர்விட்டு வந்தபோது உடன் கொண்டுவந்த பொருள் ஒன்றைப் பற்றிப் பெரியோரிடம் கேட்டறிந்து, அதன் வரலாற்றைப் பத்து வரிகளில் எழுதுக. இயன்றால் மைப்பேனாவால் எழுதுக.