மொட்டைமாடிச் சூட்டைக் குறைக்க

கேள்வி: எங்களுடையது மதுரையில் பழைய கான்கிரீட் வீடு. ஏசி வாங்காமல் மாடி அறையின் வெக்கையைக் குறைக்க முடியுமா?

பதில்: முடியும். முதலில் மொட்டைமாடியைக் கவனியுங்கள். பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட், இரவில்தான் அந்தச் சூட்டை அறைக்குள் இறக்குகிறது. விரிசல்களை அடைத்து, தளத்தைக் கழுவிக் காயவிட்டு, வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட் இரண்டு கோட் அடியுங்கள். செலவு கட்டுப்படியாகாவிட்டால் சுண்ணாம்பே போதும். மழையில் கரைந்துபோகும் என்பதால் ஆண்டுதோறும் அடிக்க வேண்டும். தூசி படிந்தால் பலன் குறையும், அவ்வப்போது கழுவிவிடுங்கள்.

மேற்கு ஜன்னலுக்கு உள்ளே போடும் திரைச்சீலையைவிட வெளியே தொங்கும் மூங்கில் தட்டி நல்லது. கண்ணாடியைத் தொடும் முன்பே வெயில் தடைபடுகிறது. பழைய மின்விசிறி சுமார் 75 வாட் இழுக்கும், மின்சாரத்தை மிச்சப்படுத்தும் பிஎல்டிசி விசிறிக்கு 30 வாட் அளவே போதும். விசிறியை மெதுவாக மாற்றிக்கொள்ளலாம். பங்குனி பிறப்பதற்குள் மாடிக்கு வெள்ளையடித்துவிடுங்கள்.